மூன்றாம் போத்தல்

1942 ஏப்ரில், புதன்கிழமை காலை. பாலையூற்றில் கதிரவேலின் வளவுக்குள் நின்ற லொறி பதினேழாவது சுற்றிலும் இருமிவிட்டு அடங்கியது. கதிரவேல் ஹாண்டிலை உருவி நிலத்தில் போட்டான். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"காணும் அண்ணா, விடுங்கோ," என்றாள் இரத்தினேஸ்வரி. "எஞ்சினில பிழை இல்லை. எண்ணெயிலதான் பிழை."

"அது எனக்கும் தெரியும். வேற எண்ணெய்க்கு எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் ஜப்பான்காரனின் குண்டுகள் விழுந்தன. திங்களிலிருந்து திருகோணமலை காலியாகத் தொடங்கியது. ரயிலில் கால் வைக்க இடமில்லை. வாடகைக்கு இருந்த மாட்டு வண்டில்கள் எல்லாம் பெட்டி படுக்கைகளோடு கந்தளாய்ப் பக்கம் போய்விட்டன. பள்ளிக்கூடம் மூடியதால் ரீச்சர் இரத்தினேஸ்வரி வீட்டோடு இருந்தாள். தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் மூத்தவன் கதிரவேல், இளையவள் அவள். இருவருக்கும் நடுவில் பத்மாசனி.

பத்மாசனிக்கு இது எட்டாம் மாதம். போன மாதம் ஒருநாள் இரத்தம் கண்டு, எழும்பி நடக்கவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். கிண்ணியாவில் கதிரவேலுக்குப் பழக்கமான லாபிர் நானா தன் வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி வைத்துவிட்டு, "கெதியா வாங்க" என்று இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். லொறி கிளம்பினால்தானே!

டீசலுக்கான கூப்பன் நின்று போய்ப் பத்து நாள். மிஞ்சியிருந்தது ஒரு பீப்பாவின் அடியில் கிடந்த எண்ணெய். தண்ணீரும் இரும்புக் கறளும் கலந்த, தார் போலக் கறுத்த எண்ணெய். இரண்டு தரம் கம்பளித் துணியில் வடித்தும் அது எஞ்சினைப் பிடிக்க வைக்கவில்லை.

"மச்சான் தந்த டின்னை உடைப்பம்," என்றான் கதிரவேல்.

பத்மாசனியின் கணவன் வீரசிங்கம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் பம்பு வேலை பார்ப்பவன். போன கிழமை அவன் சாக்கில் சுற்றி ஒரு டின்னைக் கொண்டுவந்து லொறிக் கொட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அரைக் கலன் டின். ஒட்டியிருந்த லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. "டீசலுக்குள்ள கொஞ்சம் விட்டால் போதும், செத்த எஞ்சினும் எழும்பும்" என்று மட்டும் சொன்னான். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உடைப்பம். ஆனா எடுத்த உடன தாங்கிக்குள்ள ஊத்த வேண்டாம்," என்றாள் இரத்தினேஸ்வரி. "ஊருக்குள்ள ஆளுக்கொரு கதை. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லுறவையும் இருக்கினம். தேங்காயெண்ணெய் கலக்கச் சொல்லுறவையும் இருக்கினம். மூண்டையும் வெவ்வேறாப் பாப்பம். எது நல்லதோ அதைக் கலப்பம்."

"பள்ளிக்கூடம் நடத்திற நேரமா இது?"

"துறையில பாதையால இறங்கிற இடத்தில லொறி நிண்டுபோனா என்ன செய்வியள்? அக்காவை உள்ள வைச்சுக்கொண்டு தள்ளுவியளோ?"

கிண்ணியாத் துறையில் லொறிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டைப் படகைத்தான் ஊரார் பாதை என்பார்கள். அதிலிருந்து கரை ஏறும் மேடு செங்குத்தானது. ஏறும்போது எஞ்சின் அடங்கினால் லொறி பின்னால் உருண்டு தண்ணீருக்குள்தான் போகும். போன வருஷம் ஒரு நெல் லொறி அப்படிப் போனதைக் கதிரவேல் கண்ணால் கண்டவன்.

இரத்தினேஸ்வரி மூன்று போத்தல்களைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு வடித்த டீசல். முதலாவதில் பத்துக்கு ஒரு பங்கு மண்ணெண்ணெய். இரண்டாவதில் இருபதுக்கு ஒரு பங்கு தேங்காயெண்ணெய். மூன்றாவதில், மருந்துக் கிளாஸால் அளந்து, டின்னிலிருந்து ஒரு அவுன்ஸ்.

டின்னின் மூடியைத் திறந்ததும் இனிப்பான மணம் ஒன்று எழுந்தது. அளவுக்கு மேல் பழுத்த அன்னாசியைப் போல. நிறமில்லாத தண்ணீர்தான். மூக்குக்கு நல்லாயிருந்தது. ஏனோ அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கதிரவேல் லொறித் தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றினான். பொனட்டின் மேல் போத்தலைக் கவிழ்த்துக் கட்டி, றப்பர் குழாய் ஒன்றால் அதை எஞ்சினுக்கு இணைத்தான். ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணெயை ஒழுகவிட்டுக் காற்றெடுத்து, எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து சுற்ற வேண்டும். இரத்தினேஸ்வரி மணிக்கூட்டோடு பக்கத்தில் நின்றாள்.

மண்ணெண்ணெய்ப் போத்தல் பதினான்காவது சுற்றில் பிடித்தது. வெள்ளைப் புகை வளவை மூடியது. ஓடியது, ஆனால் சத்தில்லாத ஓட்டம். எண்ணெய் மெலிந்துபோனதால் பம்பு காய்ந்து கீச்சிட்டது.

"இப்பிடி ஓடினா கிண்ணியாவுக்குப் போகலாம். அதுக்குப் பிறகு பம்பு இருக்காது," என்றான் கதிரவேல்.

தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்கு எஞ்சின் மசியவே இல்லை. முப்பது சுற்றுச் சுற்றி அவன் களைத்துப்போனான். பிறகு இரத்தினேஸ்வரி சொன்னபடி, மண்ணெண்ணெய்ப் போத்தலில் எஞ்சினைச் சூடாக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே இதற்கு மாற்றினான். சத்தம் சட்டென்று தணிந்தது. கீச்சிடல் நின்றது. பலகாரம் பொரிக்கும் மணம் வளவெங்கும் பரவ, உள்ளே படுத்திருந்த பத்மாசனி, "ஆர் பலகாரம் சுடுறது?" என்று கேட்டாள். அன்று அந்த வீட்டில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் போத்தல்.

ஒரே சுற்று. கதிரவேல் ஹாண்டிலை உருவுமுன் எஞ்சின் அதைத் தட்டிப் பறித்தது. புகையில்லை. தயக்கமில்லை. ஆனால் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக், டக், டக் என்று ஒரு சத்தம். பொனட் அதிர்ந்தது. பக்கக் கண்ணாடி நடுங்கியது.

"பாத்தியா!" கதிரவேலின் முகம் மலர்ந்தது. "ஒரு சுத்து! ஒரே ஒரு சுத்து!"

"அந்தச் சத்தம் என்ன?"

"பலமா வெடிக்குது. அதுதான் சத்தம்."

"தேவைக்கு மேல வெடிக்குது அண்ணா. நிப்பாட்டுங்கோ."

அவன் நிறுத்துவதற்குள் பத்மாசனி குசினிக் கதவைப் பிடித்தபடி வெளியே வந்துவிட்டாள். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டு, புறப்படும் நேரம் வந்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். இனிப்பு மணம் கலந்த புகை அவள் முகத்தில் அடித்தது. அவள் முகம் சிவந்து, பிறகு வெளிறியது. நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

இரத்தினேஸ்வரி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

உள்ளே பாயில் கிடத்தி, முகத்துக்குத் தண்ணீர் தெளித்து, யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டபின் பத்மாசனி கண் விழித்தாள்.

"தலை பிளக்குது," என்றாள். "இந்த மணம் எனக்குத் தெரியும் இரத்தினம்."

"எப்பிடி?"

"அவற்ற சட்டையில. பத்துப் பன்ரெண்டு நாளா இந்த மணம்தான். தோய்ச்சாலும் போகுதில்லை. வேலையால வந்து தலையைப் பிடிச்சுக்கொண்டு படுப்பார். கேட்டா வெயில் எண்டுறார்."

இரத்தினேஸ்வரி தமக்கையின் கையைப் பிடித்தபடி இருந்தாள். தனக்கும் நெற்றிப்பொட்டு இடிப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். ஒரு டின்னைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவனின் சட்டையில் பன்னிரண்டு நாளாக ஏன் மணக்க வேண்டும்?

அவள் வெளியே வந்து தமையனிடம் முடிவைச் சொன்னாள். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் கலந்தால் போதும். ஒன்று எஞ்சினைப் பிடிக்க வைக்கும், மற்றது பம்பைக் காப்பாற்றும். பதினைந்து சுற்றோ இருபது சுற்றோ, சுற்றத்தான் வேண்டும். டின்னில் உள்ளதைத் தொடவே கூடாது.

"ஓம்," என்றான் கதிரவேல், அவளைப் பார்க்காமல். "நீ அக்காவைப் பார். நான் கலக்கிறன்."

வீரசிங்கம் வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. சைக்கிளை வேலியில் சாத்தாமல் கீழே போட்டுவிட்டு நேரே கொட்டிலுக்குள் போனான். அந்த நேரம் அவன் வேலையில் இருக்க வேண்டியவன்.

"மச்சான், அந்த டின் எங்க?"

லொறியின் பக்கத்தில் நின்ற கதிரவேல் கைத்துணியால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நின்றான்.

"என்னத்துக்கு?"

"திருப்பிக் குடுக்க வேணும். இண்டைக்கே."

இரத்தினேஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றாள். "அத்தான், ஒரு டின் மட்டும்தானோ?"

வீரசிங்கம் அவளைப் பார்த்தான். பிறகு உள்ளே படுத்திருந்த மனைவியைப் பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

கடற்படைக் கப்பல்களின் எஞ்சினில் கலக்க வைத்திருந்த மருந்து அது. சாமான் கிட்டங்கிக்குப் பொறுப்பானவன் சொன்னபடி அவன் டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருக்குள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். லொறிக்காரருக்கு, வள்ளக்காரருக்கு. மொத்தம் ஒன்பது டின். பிள்ளை பிறக்கும் நேரம் இரண்டு கிழமை லீவுக் கடிதம் எழுதித் தருவதாக அந்த மனிதன் வாக்குக் கொடுத்திருக்கிறான். யுத்த வேலையில் இருப்பவனுக்கு லீவு கிடைப்பது அவ்வளவு கஷ்டம். ஒன்பதாவது டின்னை மட்டும் வீரசிங்கம் தன் வீட்டுக்கென்று கேட்டு வாங்கினான்.

"இப்ப அந்த மனுசன் ஆளில்லை. நேத்திலிருந்து காணேல்லை," என்றான் வீரசிங்கம். "நாளைக்குக் காலமை ஏழு மணிக்குத் துரை வந்து எல்லா டின்னையும் பாக்கப் போறாராம். எட்டு டின்னை எப்பிடியோ திரும்ப எடுத்திட்டன். ரெண்டு மூண்டில கொஞ்சம் குறையுது. ஒழுகிப்போச்சு எண்டு சொல்லலாம். இதுவும் போய்ச் சேர்ந்தாச் சரி."

"ஏழு மணிக்கு நீங்கள் அங்க நிக்க வேணுமோ?" பத்மாசனி உள்ளேயிருந்து கேட்டாள்.

"நிக்க வேணும். இண்டைக்கு இரவும் வேலை. எட்டு மணிக்குத்தான் மாறுவம்."

"எங்களோட வாங்கோவன். ஒண்டையும் பாக்காமல் வாங்கோ."

வீரசிங்கம் வாசற்படியில் குந்தினான். "நான் வந்தா அவங்கள் தேடி இஞ்சதான் வருவாங்கள். லொறியைப் பறிப்பாங்கள். கதிரவேல் மச்சானைப் பிடிப்பாங்கள். நான் போறதுதான் எல்லாருக்கும் நல்லது. நாளைக்குப் பத்து மணிப் பாதையில நான் கிண்ணியாவில நிப்பன்."

இரத்தினேஸ்வரி தமையனைப் பார்த்தாள். அவன் இன்னும் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டின்னைக் குடுங்கோ அண்ணா."

கதிரவேல் கொட்டிலுக்குள் போனான். அதிக நேரம் எடுத்தான். சாக்கில் சுற்றிய டின்னோடு வெளியே வந்து மச்சானின் கையில் கொடுத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை.

வீரசிங்கம் பாரத்தை அசைத்துப் பார்த்தான். "பெரிசா எடுக்கேல்லைப் போல. நல்லது." உள்ளே போய்ப் பத்மாசனியின் தலையைத் தடவிவிட்டு வந்தான். போகும்போது சைக்கிளை நிறுத்தி, "துறைமுகத்தில ஏதோ அவசரம்," என்றான். "கப்பலெல்லாம் வெளிக்கிடப்போற மாதிரிக் கொதி ஏத்துது. என்னெண்டு ஒருத்தரும் சொல்லீனமில்லை."

இரண்டு மணிக்கு லொறி தயாரானது. பின்தட்டில் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, பத்மாசனியைக் கிடத்தினார்கள். இரத்தினேஸ்வரி அவள் தலைமாட்டில் இருந்தாள்.

கதிரவேல் ஹாண்டிலைச் செருகினான்.

ஒரு சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பக்கத்து வளவில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். இரத்தினேஸ்வரி கைதட்டவில்லை. டக், டக், டக் என்று தட்டின் பலகைகள் அவள் முழங்காலுக்குக் கீழே அதிர்ந்தன. லொறி திரும்பும்போது புகை காற்றில் வளைந்து மேலே வந்தது. அவள் சேலைத் தலைப்பை நனைத்துத் தமக்கையின் மூக்கில் வைத்துப் பிடித்தாள்.

கதிரவேலைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல அவள் நாக்கு வரவில்லை. நிறுத்தினால் இன்று போக முடியாது. பாதை ஐந்து மணிவரைதான் ஊர் வண்டிகளை ஏற்றும்.

சீனன்குடாவில் றோட்டோரமாக எண்ணெய்த் தாங்கிகள் தெரிந்தன. காட்டுக்குள் வரிசை வரிசையாக, வீட்டை விட உயரமான இரும்புத் தாங்கிகள். பத்மாசனி முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்தாள். கேற்றில் துவக்கோடு இரண்டு பேர். ஆள் நடமாட்டம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"அதுக்குள்ள எங்கேயோ நிக்கிறார்," என்றாள்.

"படு அக்கா."

துறையில் நான்கு வண்டிகள் முன்னால் காத்து நின்றன. அவர்களுடைய முறை வந்து, லொறி பாதையில் ஏறி, எஞ்சினை நிறுத்தியதும் எல்லாம் அமைதியானது. இரண்டு பக்கமும் கயிற்றை இழுப்பவர்களின் மூச்சும் பலகையில் அலை அடிக்கும் சத்தமும் மட்டும். பத்மாசனி கண்ணயர்ந்துவிட்டாள். இரத்தினேஸ்வரி இறங்கி முன்னால் போனாள்.

கதிரவேல் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தான்.

"அண்ணா. தாங்கிக்குள்ள எவ்வளவு விட்டனீங்கள்?"

அவன் நிமிரவில்லை.

"அரைவாசி டின்," என்றான். "மற்ற அரைவாசி சீற்றுக்குக் கீழ போத்தல்ல இருக்கு. திரும்பி வரேக்க தேவைப்படும் எண்டு எடுத்து வைச்சனான்."

"அப்ப அத்தான் கொண்டுபோன டின்னுக்குள்ள?"

"மண்ணெண்ணெய்."

அவள் லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ திட்டுவாய் எண்டுதான் நிரப்பினனான்," என்றான் கதிரவேல். "தொடாதை எண்டு நீ சொன்னனீ. அந்த மேட்டை நினைச்சுப் பாத்தன். அவளை உள்ள வைச்சுக்கொண்டு இருபது சுத்துச் சுத்த ஏலாது எண்டு நினைச்சன். நீ அவளைப் பாக்க உள்ள போன நேரம் ஊத்தினனான். டின் வெறுமையா இருந்தா உனக்குத் தெரியும். அதான் மண்ணெண்ணெய். மச்சான் வந்து கேப்பார் எண்டு நான் கண்டனானோ?"

"கேட்ட நேரம் சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வாய் வரேல்லை."

"அண்ணா, ரெண்டு அவுன்ஸ் குறைஞ்ச டின்னுக்கு ஒழுகிப்போச்சு எண்டு சொல்லலாம். கள்ளன் எண்டு பிடிச்சாலும் களவோட போகும். எஞ்சின் மருந்து இருக்க வேண்டிய டின்னுக்குள்ள மண்ணெண்ணெய் இருந்தா அதுக்கு என்ன பேர் தெரியுமோ? யுத்தக் கப்பலின்ர எஞ்சினைக் கெடுக்கச் சதி செய்தவன் எண்டு சொல்லுவாங்கள். ஜப்பான்காரன் வாற நேரத்தில!"

கயிறு இழுத்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மூடியைத் திறந்தாலே மணத்தில தெரிஞ்சிடும். அத்தானுக்கு ஒண்டும் தெரியாது. தன்ர கையால கொண்டுபோய் வைச்சிட்டு ஏழு மணிக்குப் பக்கத்தில நிக்கப்போறார்."

பாதை கரையில் முட்டியது. லொறி ஒரே சுற்றில் உயிர் பெற்று, சுத்தியல் அடியோடு அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. ஏறிய கையோடு கதிரவேல் லொறியை ஒரு வேப்பமரத்தின் கீழ் ஓரமாக நிறுத்தினான். அவன் பயந்த மேடு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

லாபிர் நானா அங்கேயே காத்து நின்றார். பத்மாசனியைப் பல்லக்கு மாதிரிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோக இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். அவருடைய மனைவி ஸாலிஹா குடை பிடித்தபடி கூடவே நடந்தாள். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க புள்ள. உங்கட வீடு மாதிரித்தான்," என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அவர்கள் தெருவில் திரும்பி மறையும் வரை கதிரவேல் பார்த்து நின்றான். பிறகு சீற்றுக்குக் கீழே இருந்த போத்தலை எடுத்தான்.

"ஆக்களை மட்டும் ஏத்துற கடைசிப் பாதை அஞ்சரைக்குப் போகுது," என்றான். "நான் போறன்."

"இரவில கேற்றுக்குள்ள விடுவாங்களோ?"

"விடாயினம். விடியும் வரைக்கும் வெளியில நிப்பன். ஆறு மணிக்குக் கேற்றுக் காவல் மாறும். ஆரிட்டையாவது சொல்லி மச்சானை வெளியில கூப்பிட்டு, டின்னில மாத்தி ஊத்த இதைக் குடுப்பன். முடியாட்டி..." நிறுத்தினான். "முடியாட்டித் துரையிட்ட நானே போய்ச் சொல்லுவன். மண்ணெண்ணெய் ஊத்தினது நான், அவருக்குத் தெரியாது எண்டு."

"உங்களைப் பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும். செய்தது நான்தானே?"

போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொன்னால் அவன் நின்றுவிடுவான் என்றும் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. போத்தலை ஈரச்சாக்கில் சுற்றி, ஓலைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு சாரத்தைப் போட்டு மூடிக் கொடுத்தாள்.

"குலுக்காமல் கொண்டுபோங்கோ. மணக்காதையுங்கோ. நெருப்புக்குக் கிட்டப் போகாதையுங்கோ."

"சரி ரீச்சர்," என்றான் கதிரவேல். சிரிக்கப் பார்த்தான். பாதையின் விளிம்பில் ஏறி நின்றான். அக்கரைக்குப் போவதற்கு அவனைத் தவிர இரண்டே பேர்தான் இருந்தார்கள். அக்கரையிலிருந்து வருவதற்கோ துறை நிறைய ஆட்கள்.

லாபிர் நானா வீட்டில் பத்மாசனி சுவரோடு சாய்ந்திருந்தாள். ஸாலிஹா கஞ்சி கொடுத்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியிருந்தது.

"அண்ணன் எங்க?"

வரும் வழியெல்லாம் இரத்தினேஸ்வரி ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தாள். லொறியில் ஏதோ திருத்துகிறான் என்ற பொய். அறைக்குள் வந்து தமக்கையின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது. இன்றைக்கு நடந்ததெல்லாம் யாரோ ஒருவர் வாய் திறக்காமல் இருந்ததால்தானே நடந்தது?

கதவைச் சாத்திவிட்டு, பாயில் அமர்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

பத்மாசனி அழவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஏழு மணிக்கு முதல் அவரைக் கண்டிடுவாரோ?"

"கண்டிடுவார் அக்கா. ஆறு மணிக்கே கேற்றில நிப்பார்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து வந்திடுவினம்." தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "பத்து மணிப் பாதையில."

"ஓம்."

முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தி மஃரிப் தொழுகைக்குப் போன லாபிர் நானா கடற்கரைப் பக்கமாகத் திரும்பி வந்திருந்தார். வாசலில் நின்றபடி ஸாலிஹாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். ஆனால் அந்த வீட்டுச் சுவர்கள் ஓலை.

"கப்பலெல்லாம் வெளிக்கிடுது ஸாலிஹா. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா. வெளிச்சமொண்டும் இல்லாமக் கடலுக்குப் போகுது. பக்கத்து வீட்டுச் சரீப் கரையில எண்ணிக்கொண்டு நிக்கிறான். விடியிறதுக்குள்ள துறைமுகத்தில ஒரு கப்பலும் மிச்சமிருக்காது எண்டு சொல்றாங்க."

"அப்ப நல்லதுதானே? கப்பல் இல்லாட்டி ஜப்பான்காரன் என்னத்துக்கு இஞ்ச வரப்போறான்?"

லாபிர் நானா தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"வரப்போறான் எண்டு தெரிஞ்சுதான் வெள்ளைக்காரன் கப்பலைக் கொண்டுபோறான். நாளைக்குக் காலமையாத்தான் இருக்கும். கப்பலைக் கொண்டுபோகலாம் ஸாலிஹா. அந்த எண்ணெய்த் தாங்கியெல்லாத்தையும் எங்க கொண்டுபோறது?"

ஸாலிஹா அவருடைய கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு சாத்தியிருந்த அறைக் கதவின் பக்கம் திரும்பினார்.

கதவு திறந்திருந்தது. பத்மாசனி, எழும்பி நடக்கவே கூடாதவள், நிலையைப் பிடித்தபடி அங்கே நின்றாள்.

"நானா," என்றாள். "கடைசிப் பாதை போயிட்டுதோ?"